அத்தான் சுட்ட மானும் அக்காவின் சுவரும்

என் அத்தான் வன்னிக் காட்டில் சுட்ட பன்றி வருடா வருடம் வளர்ந்துகொண்டு வந்தது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் அதன் வளர்ச்சியை ஒழுங்காகத் தொடர்ந்து வந்திருக்கிறேன். அத்தானும் அக்காவும் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த வருடத்தில் அது ஒரு நல்ல கிடாய் அளவில் இருந்தது. அவர்களுடைய மூத்த மகளின் சாமத்தியச் சடங்கன்று கன்றுக்குட்டி அளவை எட்டியது. தோர்ண்டன் ஹீத்தில் இறைச்சிக்கடை திறந்த பிறகு, வரிசையில் நிற்கிற சனம் கேட்கக் கேட்க, பசுமாட்டு உயரமும் முழ நீளத் தந்தங்களும் வந்து சேர்ந்தன. செத்துப்போன மிருகம் ஒன்று இவ்வளவு சீராக வளர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது அத்தானின் கத்தி. சனிக்கிழமைகளில் அவர் ஊர் வழக்கப்படி பங்கு போடுவார். ஈரல், நெஞ்செலும்பு, தொடை, கொழுப்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எல்லாப் பங்கிலும் இருக்கும். ஒரு பங்குக்கும் மற்றப் பங்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துக் குரொய்டனிலிருந்து மட்டுமல்ல, லண்டனின் மறு மூலையான எட்மண்டனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் நின்ற நேரத்துக்குப் பன்றிக் கதையும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

கதை கேட்டவர்களில் ஒருவர்தான் கடைக்கு ஆட்டிறைச்சி அனுப்பும் மொத்த வியாபாரி. பெரிய உடம்புக்கார ஆங்கிலேயர். நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு சனிக்கிழமை போத்தல் ஒன்றோடு கடைக்கு வந்தவருக்கு அத்தான் தன் ஆங்கிலத்திலும் இரண்டு கைகளாலும் பன்றியைச் சுட்டுக் காட்டினார். வியாபாரி கண் கலங்கும் அளவுக்குச் சந்தோசப்பட்டார். அவர் வருடந்தோறும் நமீபியாவில் ஒரு பண்ணைக்கு வேட்டைக்குப் போகிறவராம். தன்னுடைய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தலைகளின் படங்களைக் காட்டினார். வரும் வருடம் நீங்களும் என்னோடு வரவேண்டும் என்றார்.

அப்போது வரிசை வாசல் வரை நின்றது. அத்தனை பேரும் அத்தானைப் பார்த்தார்கள்.

"அண்ணை, ஆபிரிக்காவோ! சிங்கமோ?" என்று கேட்டார் ஒருவர்.

"சிங்கத்தை என்னத்துக்கு? தின்னேலுமோ?" என்றார் அத்தான். "மான். கொம்போட இந்தக் கதவு உயரம். தலையைக் கொண்டு வந்து வீட்டில மாட்டுறன், வந்து பாருங்கோ."

இப்படித்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

அக்காவின் ஹோலில் வெறுமையாக ஒரே ஒரு சுவர்தான் உண்டு. ஒன்றில் யன்னல், ஒன்றில் சூடாக்கி, ஒன்றில் சாமிப்படங்களும் கண்ணாடி அலமாரியும். அந்த வெறுஞ்சுவர் பிளாஸ்மா டீவிக்கு என்று அக்கா கனகாலமாகச் சொல்லி வந்தார். மான் தலை விசயம் அவருக்குக் கடைச்சனம் சொல்லித்தான் தெரியவந்தது. அன்று நான் வால்தம்ஸ்டோவிலிருந்து சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அதனால் வழக்கு முழுவதையும் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, தலை வருமோ?"

"வரும்."

"வராட்டி?"

"வராட்டி நீ உன்ர டீவியை மாட்டு."

"டீவி மட்டுமில்லை. வராட்டி அந்தப் பண்டியும் பொய்யெண்டு நானே கடைக்கு வந்து சொல்லுவன். அதுவும் வெறும் எலும்பைக் கொண்டுவந்து தலையெண்டு காட்டேலாது. அந்த வெள்ளைக்காரன்ர படத்தில இருக்கிற மாதிரி முகத்தோட வரோணும். கண், காது எல்லாம்."

அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, "காதென்ன, கேட்டா மூக்குத்தியும் போட்டுக் கொண்டுவாறன்" என்றார்.

என்னை ஆங்கிலத்துக்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தானின் ஆங்கிலம் இறைச்சியைத் தாண்டாது. எனக்கு வேட்டையில் ஆர்வம் கிடையாது. ஆனால் நான் வேலை செய்யும் கவுன்சிலில் எனக்கு லீவு மிச்சமிருந்தது. எடுக்காத லீவு என் மனதை அரிக்கும்.

புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் அத்தான் பயிற்சி எடுத்தார். கடையின் குளிர் அறைக்குள் கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்து, கொளுவியில் தொங்கிய ஆடுகளைக் குறிபார்த்தார். அவை ஓடவில்லை. வியாபாரி அவரைக் கெண்ட் பக்கம் ஒரு சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது நானும் போனேன். எல்லோரும் வியக்கும்படி அத்தான் கடதாசி வட்டத்தின் நடுவைத் துளைத்தார். பல வருடமாக எலும்பு வெட்டும் வாளுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வேலை செய்த கை அது, அசையாது. வியாபாரிக்குப் பன்றி பற்றி இருந்த கடைசிச் சந்தேகமும் அன்று தீர்ந்தது.

அக்கா காக்கி உடுப்புகளுக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு விழ அழுத்தி, ஒரு போத்தல் வறுத்த கறித்தூளையும் பெட்டிக்குள் வைத்தார். விமான நிலையத்தில் கடைசியாகச் சொன்னது, "வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தின்னாதேங்கோ" என்பதுதான்.

விமானம் மேலெழுந்து, விளக்குகளை அணைத்த பிறகு அத்தான் என் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், ஒரு கதை. நீர் எழுதப்படாது."

"சரி."

"நான் ஒரு கோழியைக்கூடச் சாக்காட்டினதில்லை."

நான் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"ஜெர்மனியிலயும் வெட்டினது செத்ததைத்தான். இஞ்சையும் செத்துத்தான் வருது. உயிரோட இருக்கிற ஆட்டைக் கிட்ட நிண்டு பாத்தே கனகாலம்."

"அப்ப பன்றி?"

"பண்டி ரோட்டுக்குக் குறுக்கால ஓடினது. நான் பஸ்ஸுக்குள்ள இருந்தனான்."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பெரிய பண்டிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பண்ணையில் இறங்கியதும் முதலில் அடிபட்டது நான். பண்ணைக்காரர் ஜெர்மன் பரம்பரை. உயரமான, மெலிந்த, வெயிலில் வெந்த மனிதர். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் அத்தான் வாயைத் திறந்து ஜெர்மனில் ஒரு வசனம் சொன்ன கணத்திலிருந்து அவர் ஆங்கிலத்தைக் கைவிட்டுவிட்டார். இருவரும் பழைய சிநேகிதர்களைப் போல் தோளில் தட்டிக்கொண்டார்கள். மொழிபெயர்க்கப் போன எனக்கு இப்போது அத்தான் மொழிபெயர்த்தார். அதிலும் ஒரு பிரச்சினை. பண்ணைக்காரர் ஐந்து நிமிடம் பேசினால் அத்தான், "நல்ல காத்தாம்" என்பார்.

முதல் நாள் பண்ணைக்காரர் எங்களை மேசையைச் சுற்றி இருத்தி, வேட்டை விதிகளைச் சொல்லத் தொடங்கினார். எங்கே நிற்பது, எப்போது துவக்கைத் தொடுவது, மிருகம் விழுந்த பிறகு என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லப் போனார். இடையில் அத்தான் கையை உயர்த்திப் பன்றிக் கதையைச் சொன்னார். ஜெர்மனில் அந்தக் கதை இன்னும் நீளம். பண்ணைக்காரர் சிரித்துச் சிரித்துக் கேட்டு முடித்து, விதிகள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லையாம்."

நான் விதிகளை நம்புகிறவன். அந்தத் தாள் மடிபட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாட்களில் நடந்தோம். செம்மண், முட்புதர், ஆள் உயரப் புற்றுகள், ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத ஆற்றுப் படுக்கை. முன்னால் தடம் பார்க்கும் ஆள், பிறகு பண்ணைக்காரர், அத்தான், வியாபாரி, கடைசியாக நான். தமிழ் நடப்பதற்கு உண்டான மொழி அல்ல என்பதை அங்கே கண்டேன். ஒவ்வொரு முள்ளுக்கும் அத்தான் "ஐயோ" என்றார், ஒவ்வொரு "ஐயோ"வுக்கும் ஏதோ ஒன்று புதருக்குள் பாய்ந்து ஓடியது.

பண்ணைக்காரர் இடுப்பில் ஒரு சிறு துணிப்பை வைத்திருந்தார். அதற்குள் சாம்பல். அதைத் தட்டினால் சாம்பல் பறக்கும் திசையில் காற்று எங்கே போகிறது என்று தெரியும். நம் வாசனை மிருகத்தின் பக்கம் போகக்கூடாதாம். முதல் தடவை பையைத் தட்டியபோது அத்தான் கையை நீட்டிக் கொஞ்சம் வாங்கி நெற்றியில் மூன்று கோடு இழுத்தார்.

"அத்தான், அது அடுப்புச் சாம்பல்."

"சாம்பல் சாம்பல்தானே, ஐசே."

அதன் பிறகு பண்ணைக்காரர் ஒவ்வொரு காலையும் முதலில் அத்தானின் நெற்றிக்குச் சாம்பலை நீட்டிவிட்டுத்தான் காற்றைப் பார்த்தார்.

மான் கிடைத்தது வெள்ளிக்கிழமை. காலையில் அத்தானுக்கு ஒரு தயக்கம் இருந்தது. வெள்ளியில் தின்னக்கூடாது, சுடலாமா? அவரே தீர்ப்பும் சொன்னார். "வெள்ளிக்கிழமை கடை பூட்டுறனோ? வெட்டுறன், விக்கிறன். தின்னுறேல்லை. அவ்வளவுதான்."

அது கூடூ என்கிற சாதி. ஊர் மரைமானைவிடப் பெரிது. சாம்பல் நிற உடம்பில் சுண்ணாம்பால் இழுத்தது போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். தலைக்கு மேல் திருகித் திருகி எழும் கொம்பு. ஆற்றுப் படுக்கைக்கு அந்தப் பக்கம், ஒரு முள்மரத்தின் நிழலில், உருவம் தெரியாமல் நின்றது. காது அசைந்தபோதுதான் நான் கண்டேன். பண்ணைக்காரர் மூன்று கால் தடியை விரித்து ஊன்ற, அத்தான் துவக்கை அதில் வைத்தார். பின்னால் நின்ற எனக்கு அவருடைய சட்டை முதுகும் அக்கா போட்ட மடிப்பும்தான் தெரிந்தன. அந்த மடிப்பு ஏறி இறங்கியது. பண்ணைக்காரர் காதுக்குள் ஏதோ சொன்னார். மான் தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. மடிப்பு நின்றது.

சத்தம் கேட்டதும் மான் ஒரு முறை துள்ளி, நாலு பாய்ச்சல் ஓடி, முழங்காலில் விழுந்து சரிந்தது.

எல்லோரும் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரே வெடி, ஒரே சன்னம். பண்ணைக்காரர் மானைச் சுற்றி வந்து பார்த்துத் தலையாட்டினார். வண்டியை அங்கே கொண்டுவர ஆற்றுப் படுக்கையில் பாதை தேட வேண்டும், புதர் வெட்ட வேண்டும். வழக்கத்தில் விழுந்த மிருகத்தோடு தடம் பார்க்கிறவர் நிற்பாராம். ஆனால் இங்கே வன்னி வேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறாரே. அத்தானையும் என்னையும் காவலுக்கு விட்டுவிட்டு மூவரும் போனார்கள்.

அவர்கள் மறைந்ததும் அத்தான் மானின் முன்னால் குந்தினார்.

"மச்சான், இது என்னைப் பாக்குது."

"செத்துப்போச்சு, அத்தான்."

"தெரியும். எண்டாலும் பாக்குது."

அவருடைய கைகள் நடுங்கின. விரல் நுனியிலிருந்து தோள் வரை நடுங்கின. நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன், பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார். வியர்வையில் நெற்றிச் சாம்பல் கரைந்து மூக்கில் வழிந்தது. இந்த மனிதர் அழப்போகிறார், நான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் பைக்குள் கைவிட்டு, துவாயால் சுற்றிய ஒன்றை எடுத்தார். கடைக் கத்தி.

"வெய்யிலில இறைச்சி கிடக்கேலாது" என்றார்.

கத்தி பிடித்த கை அந்தக் கணமே நடுக்கத்தை விட்டது. ஒரு காதிலிருந்து மற்றக் காது வரை கழுத்தை ஒரே இழுப்பில் திறந்தார். "காலைப் பிடியும்" என்றார், பிடித்தேன். "அங்கால திருப்பும்," திருப்பினேன். குரல் கடைக்குரலாகிவிட்டது. சட்டை கழற்றுவது போல் தோல் வந்தது. தலையைக் காதுக்குப் பின்னால் ஒட்ட அறுத்து ஒரு கல்லின் மேல் வைத்தார், கண் அந்தப் பக்கம் பார்க்கும்படி. தலைக்கறிக்குத் தலை அப்படித்தான் அறுக்க வேண்டும், கழுத்துச் சதை கழுத்தோடு நிற்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். பிறகு என்னை இலைக்கொப்பு முறிக்கச் சொன்னார். நான் முறித்து வரிசையாக விரித்தேன். என் பங்குக்குக் கொப்புகளின் நுனி எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

வண்டி முனகிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஒரு பக்கத் தொடையும் விலாவும் முடிந்திருந்தன. பச்சைக் கொப்புகளின் மேல் எங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து பங்கு. ஈரல், நெஞ்செலும்பு, தொடை, கொழுப்பு. ஒரு பங்குக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

பண்ணைக்காரர் இறங்கினார். பங்குகளைப் பார்த்தார். கல்லின் மேல் இருந்த தலையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஜெர்மனில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"என்னவாம்?"

"வடிவா வெட்டியிருக்கிறனாம்" என்றார் அத்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வியாபாரிதான் என்னைத் தள்ளி நிறுத்தி ஆங்கிலத்தில் விளக்கினார். சுவரில் மாட்டும் தலைக்குக் கழுத்துத் தோல் தோள்மூட்டு வரை முழுசாக வேண்டும். பிடரிப் பக்கமாகத்தான் திறக்க வேண்டும். தொண்டைப் பக்கம் கத்தி படவே கூடாது. ஒரு தடவை வேட்டைக்குப் போனவனுக்கும் இது தெரியும். பண்ணைக்காரர் முதல் நாள் சொல்லப் போன விதிகளில் இதுவும் ஒன்று. எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இவர் இதற்கு முன் எதையும் சுட்டதில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார்.

விமானத்தில் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருந்தது. "பன்றிக்கு வேறு முறை" என்றேன்.

அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு பெரிய உடம்பு சிரித்ததில் வண்டியும் ஆடியது.

பண்ணைக்காரர் கோபிக்கவில்லை. மானின் இரத்தத்தில் இரண்டு விரலைத் தோய்த்து வந்து அத்தானின் இரண்டு கன்னத்திலும் இழுத்தார். பிறகு கையைக் குலுக்கினார்.

"இது என்ன, அத்தான்?"

"மரியாதை. எல்லாருக்கும் பூசுறதாம்."

முதல் மிருகத்தைச் சுட்டவனுக்கு மட்டும்தான் அது என்று வியாபாரி எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அத்தானுக்கும் அது ஜெர்மனில் சொல்லப்பட்டிருக்கும். நெற்றியில் சாம்பலும் கன்னத்தில் இரத்தமுமாக அவர் வண்டியின் பின்புறத்தில், தன் பங்குகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பண்ணைவீடு போய்ச் சேரும் வரை முகத்தைத் துடைக்கவில்லை. அன்று சாப்பாட்டுக்கு வாட்டிய ஈரலை நீட்டியபோது, வெள்ளிக்கிழமை என்பதை அவர் ஜெர்மனில் விளக்கி முடிப்பதற்குள் ஈரல் ஆறிப்போயிற்று.

காலையில் பண்ணைக்காரர் ஒரு வழி கொண்டுவந்தார். அவருடைய களஞ்சியத்தில் வேறொரு மானின் பதப்படுத்திய முகத்தோல் இருக்கிறது. கொம்பு உடைந்த மான், வேட்டைக்காரன் வேண்டாமென்று விட்டுப் போனது. அத்தான் சுட்ட மானின் மண்டையோட்டிலும் கொம்பிலும் அந்த முகத்தைப் பொருத்தி அனுப்பலாம். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பலபேர் இப்படிச் செய்கிறார்கள் என்று வியாபாரியும் சொன்னார்.

அத்தான் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

நான் ஒழுங்காக யோசித்துப் பதில் சொன்னேன். அக்கா கேட்டது முகம். யாருடைய முகம் என்று கேட்கவில்லை. கண் இருக்கும், காது இருக்கும். சுவர் அத்தானுக்கு, பன்றியும் பிழைக்கும்.

அவர் தலையைச் சொறிந்தார். "அந்த மான் என்னைப் பாக்கேல்லை, மச்சான். அது வேற ஆரையோ பாத்தது. அதைக் கொண்டுவந்து ஹோலில வைச்சா, ஆரெண்டு தெரியாத ஒருத்தன் நான் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு நிண்ட மாதிரி இருக்கும்."

"அப்ப உங்கட மானின்ர முகம் முழுசா வந்திருந்தா?"

"அது பாத்தா நான் சாப்பிடவே மாட்டன்."

ஆனால் மண்டையோட்டை அவிப்பதற்காகப் பண்ணை ஆட்கள் பீப்பாயில் தண்ணீர் கொதிக்க வைத்தபோது, அத்தான் ஓடிப்போய் நாக்கையும் கன்னச் சதையையும் முதலில் எடுத்துக்கொண்டார். அக்கா தந்த தூளைப் போட்டுச் சமைத்தார். முகம் முகமாக இருக்கும் வரைதான் அவருக்குத் தொல்லை, கறியானதும் ஒன்றுமில்லை. பண்ணைக்காரர் வேர்த்து, இருமி, மூக்கைச் சிந்தி, இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினார்.

வெறும் மண்டையோடும் கொம்பும் மரப்பெட்டியில் லண்டன் வர மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் அத்தான் ஆபிரிக்கக் கதையை எத்தனையோ தடவை சொன்னார், சாம்பலைச் சொன்னார், முள்ளைச் சொன்னார். பன்றி ஒரு தடவையும் வாயில் வரவில்லை. தலை எப்படியிருக்கும் என்று கேட்டால், "வரட்டும், பாப்பம்" என்றார். அக்கா டீவியின் அளவை எடுத்து வைத்திருந்தார்.

பெட்டி கடைக்குத்தான் வந்தது, அதுவும் சனிக்கிழமை. வரிசை குலைந்து எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அக்காவுக்கு அறிவித்து அவரும் வந்து சேர்ந்தார். நான் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தகரப் பேணிக்குள் போட்டேன். மூடி திறந்ததும் கொம்புகளைக் கண்டு சனம் "அம்மாடி" என்றது. உண்மையிலேயே நிலத்தில் வைத்தால் என் நெஞ்சு வரை வரும்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். வைக்கோலைக் கிளறினார்.

"முகம் எங்கை?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். பிறகு, நம் சனம் இரக்கமுள்ள சனம், ஆளுக்கொரு பொய்யை அத்தானுக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது.

"கஸ்டம்ஸில பிடிச்சு வைச்சிருப்பாங்கள், அக்கா."

"கப்பலில எலி திண்டிருக்கும்."

"வெள்ளைக்காரன் களவெடுத்திருப்பான்."

ஒவ்வொன்றும் நல்ல பொய். அத்தான் எதையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் கழுத்தை வெட்டிப்போட்டன்" என்றார். "வெட்டக்கூடாதெண்டு எனக்குத் தெரியாது. நான் முந்தி ஒருநாளும் வேட்டைக்குப் போனதில்லை. பண்டியுமில்லை, ஒண்டுமில்லை. என்ர சீவியத்தில சுட்டது இந்த ஒண்டுதான்."

 கடை முழுவதும் வெடித்துச் சிரித்தது.

"அண்ணை பகிடி விடுறார்!"

"சுட்டவன்தான் இப்பிடி அடக்கமாக் கதைப்பான். சுடாதவன் குதிப்பான்."

"தலைக்கறிக்குத் தலையை அறுத்ததில என்ன பிழை? பஞ்சடைச்சுச் சுவரில மாட்டவோ சொல்லுறியள்? உதெல்லாம் வெள்ளைக்காரன்ர வேலை. அண்ணை செய்ததுதான் சரி."

எட்மண்டன்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "பண்டி இல்லையோ? வவுனியாவில என்ர சித்தப்பா அந்தப் பண்டியின்ர இறைச்சி திண்டவர். பல்லில சன்னம் பட்டதெண்டு சொன்னவர்."

"நான் உண்மையாத்தான் சொல்லுறன்" என்றார் அத்தான். கெஞ்சுகிற குரல். "மச்சான், நீர் சொல்லும். நீர் கூட வந்தனீர்தானே."

இப்போது அவரே அனுமதி தந்துவிட்டார். நான் நடந்ததை நடந்த வரிசையில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மடித்த தாள், நடுங்கிய கை, கன்னத்து இரத்தம், முதல் மிருகம் என்றால்தான் அது பூசுவார்கள் என்பது எல்லாம். என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"கவுன்சிலில இருக்கிற ஆள். அவருக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாரோ பின்னால் சொன்னார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கடைக்கு வந்து பன்றி பொய் என்று சொல்வதாகச் சபதம் செய்தவர். சொல்வதற்கு இதைவிட நல்ல இடமும் நேரமும் கிடையாது. அவர் கொம்பின் திருகலில் விரலை ஓட்டிக்கொண்டு நின்றார்.

"டீவி வரும்" என்றார். "இதை இஞ்சை, தராசுக்கு மேல மாட்டுங்கோ. வீட்டுக்குக் கொண்டுவந்தா தூசி துடைக்கிறது நான்."

பிறகு அத்தானின் பக்கத்தில் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார். "கலியாணங் கட்டின புதுசில கோழி அறுக்கச் சொன்னனான். பக்கத்து வீட்டுக்குக் குடுத்தனுப்பிப்போட்டு அறைக்குள்ள போய்ப் படுத்த மனிசன் நீங்கள். எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?"

அத்தானும் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஏன் இவ்வளவு காலமும் பேசாம இருந்தனீ?"

"நல்லாச் சொல்லுவியள். கேக்க நல்லாயிருக்கும்."

"இப்ப உண்மையைச் சொல்லுறன், ஒருத்தரும் நம்புறாங்களில்லை."

"நான் நம்புறன். ஒராள் போதும், காணாதோ?"

அத்தான் அதை யோசித்துப் பார்த்தார். சனம் கொம்போடு நின்று படம் எடுக்கத் தொடங்கியிருந்தது. எட்மண்டன்காரர் சித்தப்பாவின் வாயில் அகப்பட்ட சன்னத்தைப் பற்றி இன்னொருவருக்கு விவரித்துக்கொண்டிருந்தார்.

"காணும்" என்றார் அத்தான்.

"அண்ணை, எனக்கு ரெண்டு பங்கு" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் கையைக் கழுவப் போனார்.